பாட்டிலுக்கு முந்தைய புதுச்சேரி

வில்லியனூரிலிருந்து பாகூர் வரை: கள்ளும் சாராயமும் பிறக்கும் இடங்களைத் தேடி ஒரு சைக்கிள் சுற்று

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைக் கார்கள் தெற்கு நோக்கி வரிசை கட்டும். ஞாயிறு மதியம் கடலூர்ப் பக்கத்து மோட்டார் சைக்கிள்கள் பெண்ணையாற்றைத் தாண்டி வந்து முள்ளோடையிலும் கன்னியக்கோயிலிலும் நிற்கும். விழுப்புரத்துக்காரர்களுக்கு மதகடிப்பட்டு. இப்படி நாலா பக்கமிருந்தும் வருகிறவர்களுக்கு எந்தக் கடையில் எந்தச் சரக்கு என்ன விலை என்பது மனப்பாடம். அந்தச் சரக்கு எங்கே உண்டாகிறது என்று கேட்டுப் பாருங்கள், பாட்டிலைத் திருப்பி லேபிளைத் தேடுவார்கள்.

இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பியது எங்கள் குழு. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊர் சுற்றும் வழக்கமான கூட்டம்தான்: ஐ.டி. பிள்ளைகள், இரண்டு ஆசிரியைகள், ஒரு பல் டாக்டர், ஏ.எஃப்.டி. மில் மூடும்வரை அங்கே வேலை பார்த்த பெரியவர் ஒருவர். எல்லாரிடமும் கியர் சைக்கிள், பெரியவரிடம் மட்டும் கேரியர் வைத்த பழைய ஹெர்குலஸ். கடைசியில் பார்த்தால் முன்னால் போனது அந்த ஹெர்குலஸ்தான். வழி தெரிந்தவர் அவர் ஒருவரே.

வெளிநாட்டில் இது பழகிப்போன சங்கதி. பீர் காய்ச்சும் ஊர்களில் ஆலைக்கு ஆலை சைக்கிளில் போய்ப் பார்த்து, ஆளுக்கு ஒரு கிளாஸ் ருசித்துவிட்டு வருவார்கள். ஜெஃப் லெபெஷ் என்ற அமெரிக்கர் 1980-களின் கடைசியில் பருமனான டயர் போட்ட சைக்கிளில் பெல்ஜியத்தின் பீர் ஊர்களைச் சுற்றினார். ஊர் திரும்பி, 1991-ல் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ் நகரில் 'நியூ பெல்ஜியம்' என்ற பீர் ஆலையைத் தொடங்கினார். அவர் காய்ச்சிய பீருக்கு வைத்த பெயரே 'ஃபேட் டயர்'.

சரி, நமக்கு? வில்லியனூரில் பார்லி விளையாது. பாகூரில் ஹாப்ஸ் கொடி படராது. ஆனாலும் பீர் அளவே போதை தரும் பானத்தை, நெருப்பும் கொப்பரையும் இல்லாமல் தினமும் தரும் ஆலைகள் இந்தப் பக்கத்து ஏரிக்கரையெல்லாம் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் ஓலை அசைகிறது. கழுத்தில் மண்முட்டி தொங்குகிறது.

சித்திரை மாதம். விடிவதற்குள் காந்தி சிலையருகே கூடிவிட்டோம். பனை நன்றாகச் சுரக்கும் பருவம் அது. தை, மாசியில் பாளை விட்டு ஆனி வரை கிடைக்கும். தென்னை என்றால் ஆண்டு முழுக்க உண்டு. காந்தி சிலையருகே கூடிக் கள்ளைத் தேடிப் போவதா என்று ஓர் ஆசிரியை கேட்டார். பெரியவர், "அவருதான் பதநீர் குடிக்கச் சொன்னாரும்மா, அதைத்தான் மொதல்ல குடிக்கப் போறோம்" என்று சமாதானம் சொன்னார்.

முதல் நிறுத்தம் மிதிக்கத் தொடங்கியதுமே வந்துவிட்டது. கடற்கரைச் சாலையில் பழைய சாராய ஆலை இருந்த இடம். இப்போது சுற்றுலாவுக்கென்று புதுக் கட்டடம் எழும்பி, செல்ஃபி எடுக்கிற இடமாகிவிட்டது. சாராயம் காய்ச்சும் வேலை நகரத்தை விட்டு மேற்கே போய் வெகு காலம் ஆகிறது. நாங்களும் மேற்கே திரும்பினோம். நெல்லித்தோப்பு, ரெட்டியார்பாளையம், மூலக்குளம். அரும்பார்த்தபுரம் ரயில்வே மேம்பாலத்தில் மூச்சு வாங்கியது. அதைத் தாண்டினால் வில்லியனூர்.

வில்லியனூர் என்றதும் எல்லாருக்கும் நினைவு வருவது திருக்காமீஸ்வரர் கோயில் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றைக்குத் துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. அடுத்து லூர்து மாதா கோயில். பிறகு சுடுமண் சிற்பம். வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அந்தக் கலையில் வி.கே.முனுசாமிக்கு 2020-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. இவ்வளவு பெருமையும் களிமண்ணுக்கு இருக்க, அதே களிமண்ணில் வனைந்த கள்ளுமுட்டியைப் பற்றி யாரும் பேசக் காணோம். கடைக்குக் கள் வருவது இப்போது பிளாஸ்டிக் கேனில்தான். மரத்தில் கட்டுவதற்கு மட்டும் மண்முட்டி இன்னும் வேண்டியிருக்கிறது. வெயிலில் பிளாஸ்டிக் சூடேறிச் சாறு கெட்டுவிடுமாம்.

வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் சாலையில் சங்கராபரணி ஆற்றுப் பாலம். பக்கத்தில் ஆரியபாளையம். 'புதுச்சேரி வடிசாலை' என்ற அரசு நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. புதுச்சேரிச் சாராயக்கடைகளில் விற்கிற சாராயம் இங்கிருந்து போகிறது. தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது விசித்திரமாக இருக்கலாம். சாராயம் என்றாலே காட்டுக்குள் ஊறல் போட்டுக் காய்ச்சுவது, போலீஸ் வந்து உடைப்பது என்றுதான் அங்கே ஞாபகம். இங்கே சாராயம் அரசாங்கத்துச் சரக்கு. 1970-ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ் சாராயக்கடையும் கள்ளுக்கடையும் ஏலம் போகின்றன. ஏலம் எடுத்தவர் மாதாமாதம் கிஸ்தி கட்டுகிறார். கிஸ்தி பாக்கி விழுந்தால் கடைக்குச் சீல். கிராமத்தில் யாரையாவது 'கடைக்காரர்' என்று சொன்னால் அது மளிகைக்கடைக்காரராக இருக்க வேண்டியதில்லை.

சாலைக்கு இந்தப் பக்கம் நின்றபடி ஆலையைப் பார்த்துக்கொண்டே பெரியவர் பாடம் எடுத்தார். கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுகிற கரிய பாகு, அதாவது மொலாசஸ், சாராயத்துக்கு மூலம். அதில் தண்ணீர் சேர்த்து ஈஸ்ட் போட்டுப் புளிக்கவைத்து, காய்ச்சி வடித்தால் சுத்தமான எரிசாராயம். அதை அளவாகத் தண்ணீர் விட்டு இறக்கினால் கடைச் சாராயம். புதுச்சேரிக்கென்று மண்ணாடிப்பட்டு கொம்யூனில் லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருந்தது. பல ஆண்டுகளாக அது மூடிக் கிடக்கிறது. கரும்பு போட்ட விவசாயிகள் வேறு ஆலைகளைத் தேடிப் போகிறார்கள். ஆக, புதுச்சேரிச் சாராயத்தில் புதுச்சேரி மண்ணுக்குப் பங்கு எவ்வளவு என்று கேட்டால் பதில் சொல்லச் சங்கடமாக இருக்கும். விஸ்கி, பிராந்திக்கும் அதே கதைதான். எங்கிருந்தோ வந்த ஸ்பிரிட்டில் நிறமும் வாசனையும் சேர்த்து பாட்டிலில் அடைப்பது. பாட்டில் மட்டும் புதுச்சேரி.

மலிவு விலை ஒன்றுதான் இத்தனை கூட்டத்தையும் இழுக்கிறது என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் 2020-ஐப் பார்க்கலாம். கொரோனா வரி என்று போட்டு, தமிழ்நாட்டு விலைக்கு நிகராகப் புதுச்சேரி விலையை உயர்த்தினார்கள். விற்பனை சரிந்தது. வரியை எடுத்தார்கள், கார்கள் திரும்ப வந்தன. ருசிக்கு வந்தவன் விலை ஏறினால் முணுமுணுத்துக்கொண்டே வருவான். விலைக்கு வந்தவன் வரவே மாட்டான்.

வில்லியனூருக்குத் திரும்பி, மங்கலம் பக்கமாகத் தெற்கே இறங்கினோம். இங்கிருந்து பாதை அழகு. இரண்டு பக்கமும் நெல், கரும்பு, சவுக்கு. வழியை விட்டுக் கொஞ்சம் விலகினால் கீழூர். 1954 அக்டோபர் 18 அன்று புதுச்சேரியின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி, இந்தியாவோடு இணைவதா என்று வாக்களித்தார்கள். 170 பேர் இணையலாம் என்றார்கள். எட்டுப் பேர் வேண்டாம் என்றார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஆட்சி கைமாறியது. நினைவுத்தூண் இருக்கிறது. சைக்கிளை நிறுத்தித் தண்ணீர் குடித்தோம்.

மதுப் பயணத்தில் கீழூருக்கு என்ன வேலை? இருக்கிறது. சென்னை மாகாணத்தில் ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கி, 1948-ல் அது மாகாணம் முழுக்கப் பரவியபோது, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி. 1816-ல் ஆங்கிலேயர்கள் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்த இடங்கள் ஒரே துண்டாக இல்லாமல் அங்கொரு கிராமமும் இங்கொரு கிராமமுமாகச் சிதறிக் கிடந்தன. இன்றும் அப்படியே. நடுநடுவே கடலூர், விழுப்புரம் மாவட்டக் கிராமங்கள். வரப்பைத் தாண்டினால் வேறு சட்டம். ஆக, எல்லை தாண்டிக் குடிக்கும் பழக்கம் டாஸ்மாக்கை விட மூத்தது. இணைப்புக்குப் பிறகு தேசம் ஒன்றானது, கடைகள் மட்டும் வேறு வேறாகவே நின்றுவிட்டன.

இதன் உச்சக்கட்ட வேடிக்கை பனைமரத்தில்தான் தெரியும். தமிழ்நாட்டில் 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது, சில ஆண்டுகளில் கள்ளுக்கடை மூடியது, 1981-ல் மீண்டும் திறந்தது, 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் ஒரேயடியாகத் தடை. அதற்கு நான்கு ஆண்டு முன்பு, 1983-ல் தொடங்கிய டாஸ்மாக் 2003-லிருந்து சில்லறைக் கடையும் நடத்துகிறது. அதனால் நாங்கள் போன பாதையில் இந்த வாய்க்கால் கரைப் பனையில் இறக்கினால் கள் கலால் வருமானம், அந்தக் கரைப் பனையில் இறக்கினால் கேஸ். பனைக்கு எல்லை தெரியாது. ஏறுகிறவருக்குத் தெரியாமல் முடியாது.

ஏம்பலம் தாண்டி, கரிக்கலாம்பாக்கத்துக்கு முன்னால் ஒரு பனங்காட்டில் எங்களுக்காகச் சொல்லி வைத்திருந்தார் பெரியவர். மரமேறி ஏற்கெனவே உச்சியில் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. இடுப்பில் அரிவாள் பெட்டி, காலில் தளைக்கயிறு. கீழேயிருந்து பார்த்தால் மட்டைக்கு நடுவில் இரண்டு பாதம் மட்டும் தெரிந்தது. அவர் இறங்கி வந்து, கத்தியை ஓர் ஓலைத் துண்டில் துடைத்துக்கொண்டே பேசினார்.

"பாளைய ஒரே சீவா சீவிடக்கூடாது சார். தாள் கனத்துக்குத்தான் எடுக்கணும். கூட எடுத்தா பாளை சீக்கிரம் தீந்துபோவும். கம்மியா எடுத்தா கண்ணு அடைச்சிக்கும், சாறு சொட்டாது."

பாளை விரியும் முன்பே அதைக் கட்டி, நாள்தோறும் கிடுக்கிபோல் இரண்டு கட்டையால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைச் சீவிவிட்டு, கீழே முட்டியைக் கட்டுகிறார்கள். ஆண் பனை, பெண் பனை இரண்டிலும் சாறு வரும். நசுக்கும் முறை மட்டும் வேறு. காலையில் ஏறி முட்டியை இறக்கிப் பாளையைச் சீவ வேண்டும், சாயங்காலம் மறுபடி ஏறிச் சீவ வேண்டும். ஒரு நாள் விட்டால் பாளை காய்ந்துவிடும். பனையேறிக்கு ஞாயிறு கிடையாது. பண்டிகைக்கும் ஏறத்தான் வேண்டும்.

இந்தக் குழுவில் இருக்கிற இளைஞர்களுக்கு ஒரு பழக்கம். போன தூரம் எவ்வளவு, ஏறிய உயரம் எவ்வளவு என்று செல்போன் செயலியில் கணக்குப் பார்த்துப் பெருமைப்படுவது. ஒருவர் அந்த இடத்திலேயே கணக்குப் போட்டார். மரத்துக்குப் பதினைந்து மீட்டர் என்று வைத்தால், இருபது மரம், காலையும் மாலையும்: 600 மீட்டர். நாங்கள் அன்று ஏறியது அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஒன்றுதான். அவர் செல்போனைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

முதலில் வந்தது பதநீர். முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டினால் பதநீர், தடவாமல் கட்டினால் கள். வித்தியாசம் அவ்வளவே. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலும் பாளையிலும் பழைய முட்டியின் சுவரிலும் இருக்கிற ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சாறு சொட்டத் தொடங்கியதுமே வேலையை ஆரம்பித்துவிடுகின்றன. சுண்ணாம்பின் காரத்தில் அவற்றால் பெருக முடியாது, சாறு இனிப்பாகவே நிற்கும். சுண்ணாம்பு இல்லையென்றால் இரவு முழுக்க நுரைத்து, விடியும்போது சர்க்கரையில் ஒரு பகுதி சாராயச்சத்தாகி, கூடவே லேசான புளிப்பும் சேர்ந்து கள்ளாகிவிடும். பகல் ஏற ஏறப் போதை கூடும், நான்கு ஐந்து சதவீதம் வரை. மறுநாள் வைத்தால் காடி. பீருக்குப் பார்லியை முளைக்கட்டி, உலர்த்தி, வேகவைத்து, ஆறவைத்து, ஈஸ்ட் சேர்த்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இங்கே மரமே இனிப்பைக் கரைத்துக் கொடுத்துவிடுகிறது. ஒரே குறை, கள்ளுக்கு வாழ்நாள் ஒரு நாள். அதை லாரியில் ஏற்றி ஊர் ஊராக விற்க முடியாது. பெரிய முதலாளிகள் கள்ளின் பக்கம் வராததற்கும், பாட்டில் சரக்கு கள்ளைத் தள்ளிவிட்டு மேலே வந்ததற்கும் இந்த ஒரு நாள் ஆயுளுக்குப் பெரும் பங்குண்டு என்பது என் கணிப்பு.

பனையோலையை மடித்துப் பட்டை செய்து, பன்னாடையில் வடிகட்டிப் பதநீரை ஊற்றினார். இரண்டு கையாலும் பட்டையைப் பிடித்துக் குடித்தோம். நல்ல இனிப்பு, கடைசியில் சுண்ணாம்பின் லேசான கரகரப்பு, ஓலையின் பச்சை வாசம். பல் டாக்டர் இரண்டாவது பட்டை கேட்டார். சர்க்கரையைப் பற்றி அவர் எங்களுக்குச் சொல்லும் எதையும் இனி நாங்கள் நம்புவதாக இல்லை.

"பசங்க ஏறுறாங்களா அண்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"பெரியவன் சேதராப்பட்டுல கம்பெனி வேலை. மாசம் பொறந்தா சம்பளம். எனக்கு மழை பேஞ்சா லீவு, கீழ வுழுந்தா லீவு. அவன எங்க ஏறச் சொல்றது?"

கடையை ஏலம் எடுத்தவருக்கும் மரத்தின் சொந்தக்காரருக்கும் போக, ஏறுகிறவருக்குக் கிடைப்பது லிட்டர் கணக்கில் கூலி. ஏறத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். விழுப்புரம் மாவட்டம் பூரிகுடிசையில் பனையேறிகளே ஒன்றுகூடிப் பனைத் திருவிழா நடத்துகிறார்கள், வெளியூர் இளைஞர்களுக்கு மரமேறக் கற்றுக் கொடுக்கிறார்கள். ஆனால் அவர்கள் கள்ளைப் பற்றிப் பேசினால் அது கோரிக்கை, புதுச்சேரிக்காரர் பேசினால் அது வியாபாரம்.

கள்ளுக்கடை அங்கிருந்து கூப்பிடு தூரம். கீற்றுக் கொட்டகை, மண் தரை, மரப் பெஞ்சு. காலை நேரமாதலால் கூட்டம் இல்லை. உழவு முடித்து வந்த இரண்டு பேர், மீன் வறுவல் சட்டியைப் பற்றவைத்துக்கொண்டிருந்த பெண். வெள்ளை வெளேரென்ற கள், மேலே நுரை, ஈ ஒன்று. புளித்த வாசனைக்கு முகம் சுளித்தவர்கள் உண்டு. குடித்தவர்கள் எண்ணெயில் பொரிந்த நெத்திலியோடு குடித்தார்கள். எங்கள் குழுவில் ஒரு விதி: இந்த இடத்தில் கள் குடிப்பவர் அதற்கு மேல் சைக்கிள் மிதிக்கக்கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் குடிபோதைப் பிரிவு மோட்டார் வண்டிக்குத்தான், சைக்கிளுக்கு இல்லை என்று சட்டம் பேசினார் ஒரு தம்பி. லாரிக்காரனுக்கு அந்தப் பிரிவு தெரியாது என்றார் பெரியவர். பின்னால் வந்த டாட்டா ஏஸில் அந்தத் தம்பியின் சைக்கிளையும் சேர்த்து நான்கு சைக்கிள் ஏறின.

இது வரை வாசித்து, கள் அமிர்தம் என்று இந்தக் கட்டுரை சொல்வதாக யாராவது நினைத்தால், சாலையோர டீக்கடையில் நாங்கள் கேட்டதையும் கேட்க வேண்டும். கடை நடத்துகிற அக்காவிடம் கள்ளுக்கடையிலிருந்து வருகிறோம் என்று சொன்னபோது, "கள்ளு குடிச்சவன் வந்து படுத்துக்குவான், சாராயம் குடிச்சவன் வந்து ஊர எழுப்புவான். ஆனா காசு ரெண்டுத்துக்கும் ஒரே பையிலேருந்துதான் போவுது" என்றார். புதுச்சேரிக் கிராமங்களில் சாராயக்கடையை இடம் மாற்றச் சொல்லிப் பெண்கள் மறியல் செய்வது அடிக்கடி நடப்பது. ஈரோட்டில் 1921-ல் பெரியாரின் மனைவி நாகம்மையும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் மறியலில் நின்றதும், பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டிச் சாய்த்ததும் இதே எதிர்ப்பின் பழைய வடிவங்கள்தாம். பனங்காட்டு அழகைப் பார்த்து அதை மறந்துவிடக்கூடாது.

அதே சமயம், அக்கா பிரித்துச் சொன்ன வித்தியாசத்தையும் தள்ளிவிட முடியாது. 2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் செத்தவர்கள் கள் குடித்துச் சாகவில்லை. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேல். தொழிற்சாலைக்கென்று தயாராகும் மெத்தனால், சாராயம் என்ற பெயரில் அவர்கள் கைக்கு வந்தது. கண் பார்வையை முதலில் எடுத்து, பிறகு உயிரை எடுக்கும் விஷம் அது. கள்ளிலும் கலப்படம் நடக்கும், நடந்திருக்கிறது. ஆனால் இறக்கியவர் யார், எந்த மரம் என்று காலையில் கண்ணால் பார்த்துவிடக்கூடிய பானம் வேறு எது?

கரிக்கலாம்பாக்கத்திலிருந்து பாகூர் வரை சாலை சமதளம், எதிர்காற்று. பாகூரைப் புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்பார்கள். ஏரியைப் பார்த்தால் காரணம் விளங்கும். ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி இது. பெண்ணையாற்றில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது. தமிழ்நாட்டில் கிளம்பிப் புதுச்சேரியில் முடிகிற வாய்க்கால், ஆகவே அதற்கும் பேச்சுவார்த்தை உண்டு. ஊருக்குள் சோழர் கால மூலநாதர் கோயில். நிருபதுங்கவர்மன் என்ற பல்லவ மன்னன் காலத்தில் இங்கே ஒரு வித்யாஸ்தானம், அதாவது கல்லூரி, இயங்கியதாகவும் அதற்குக் கிராமங்கள் தானமாகக் கிடைத்ததாகவும் பாகூர்ச் செப்பேடு சொல்கிறது. பல்லவர், சோழர் காலத்து வரிப் பட்டியல்களில் 'ஈழம்பூட்சி' என்று கள் இறக்குவோர் மீதான வரி வரும். கிஸ்தி கட்டுகிற இன்றைய குத்தகைதாரருக்கு ஆயிரத்து நூறு வருஷத்து முன்னோர் இருக்கிறார்கள்.

ஏரிக்கரைப் பனைநிழலில் உட்கார்ந்து இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தபோது ஓர் ஆசிரியை பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டார். தொண்டை நாட்டின் வலைஞர் குடியிருப்பில் காய்ச்சும் ஒரு பானத்தை அது படிப்படியாக வர்ணிக்கிறது. அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, முளைத்த நெல்லை இடித்துக் கலந்து, இரண்டு பகல் இரண்டு இரவு சாடியில் ஊறவைத்து, வடித்து, விருந்தாளிக்குச் சுட்ட மீனோடு கொடுக்கிறார்கள். முளைகட்டிய தானியத்தின் நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கி, அது புளித்துப் போதையாவதற்குப் பெயர்தான் பீர். பார்லிக்குப் பதில் நெல், அவ்வளவே. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினத்து நுளைச்சி அரித்த தேறலைப் பரதவர் வந்தவருக்குக் கொடுக்கிறார்கள். எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பக்கம் என்பார்கள். இங்கிருந்து அரைநாள் சைக்கிள் தூரம். மைக்ரோ புரூவரி என்று நகருக்குள் இப்போது பளபளவென்று வந்திருப்பதை, நம் பாட்டிகள் சாடியும் சல்லடையும் வைத்துச் செய்திருக்கிறார்கள். அந்த நெல் பீரைக் காய்ச்சத் தெரிந்தவர் எவரும் பாகூர் வட்டாரத்தில் மிச்சமில்லை. நெல் மட்டும் மிச்சமிருக்கிறது.

எனக்கு இதில்தான் ஆதங்கம். கோவாவில் முந்திரிப் பழச் சாராயமான ஃபெனி 2009-ல் புவிசார் குறியீடு வாங்கியது. பிறகு அதைப் பாரம்பரிய பானம் என்று மாநில அரசே அறிவித்தது. முந்திரித் தோப்பையும் காய்ச்சும் பானையையும் காட்டுவதற்கு அங்கே ஆள் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் கள்ளைப் போத்தலில் அடைத்து விற்கின்றன. கேரளத்துக் கள் ஷாப்புகளுக்குக் குடும்பத்தோடு கப்பக்கிழங்கும் மீன் குழம்பும் சாப்பிடப் போகிறவர்கள் உண்டு. புதுச்சேரியோ, தன் மண்ணில் மரத்திலிருந்து வருகிற ஒரே பானத்தைச் சந்துக்குள் கீற்றுக் கொட்டகையில் வைத்துவிட்டு, எங்கிருந்தோ வந்த ஸ்பிரிட்டைக் கண்ணாடிக் கதவு போட்ட கடையில் விளக்கு வைத்து விற்கிறது. சுற்றுலாக் கையேட்டில் மஞ்சள் சுவரும் பிரெஞ்சுத் தெருவும் இருக்கின்றன, பனையேறி இல்லை. அவரைப் படத்தில் போடுங்கள் என்று கேட்பதற்கு முன்னால், விழுந்தால் பிழைக்கிற அளவுக்கு ஒரு காப்பீடும், லிட்டருக்கு நியாயமான கூலியும் கேட்க வேண்டும். சுற்றுலா அதன் பிறகு வரட்டும்.

பாகூரிலிருந்து கிழக்கே கன்னியக்கோயில் வந்து கடலூர் சாலையைப் பிடித்தோம். மணி பதினொன்று. கடைகள் திறந்து, வண்டிகள் நிறுத்த இடமில்லாமல் சாலை வரை நின்றன. எல்லாமே 'டி.என்.' பலகை. எங்கள் ஹெல்மெட்டையும் அரைக்கால் சட்டையையும் பார்த்து, "எங்கேருந்து வர்றீங்க, சரக்கு வாங்கவா சைக்கிள்ல?" என்று ஒருவர் விசாரித்தார். பனங்காட்டிலிருந்து என்றதும் அவருக்கு ஆர்வம் போய்விட்டது.

கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் தாண்டி அரியாங்குப்பத்தில் ஆறு. காக்காயன்தோப்பு பக்கம் திரும்பினால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது ரோமானிய ஆம்போராக்கள், அதாவது இருபக்கமும் கைப்பிடி வைத்த நீண்ட மதுச்சாடிகளின் உடைசல்கள், நிறையக் கிடைத்தன. மத்தியதரைக் கடலிலிருந்து திராட்சை மது கப்பலேறி இந்த ஆற்று முகத்துவாரத்துக்கு வந்திருக்கிறது. வெளியூர்ச் சரக்குக்கு இந்த ஊரில் கிராக்கி இருப்பது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்று சொல்லி, என் ஆதங்கத்தைப் பாதியில் உடைத்தார் பெரியவர்.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்கள் மாசிக்கும் ஆனிக்கும் நடுவில் போகலாம். பதநீர் வேண்டுமென்றால் ஏழு மணிக்கு முன்னால் பனங்காட்டில் இருக்க வேண்டும், எட்டரைக்கு மேல் அது பதநீராக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. பனையேறியை முன்கூட்டியே பார்த்துச் சொல்லிவிட்டு, அவர் வேலை நேரத்துக்குப் பணம் கொடுப்பது மரியாதை. விழுப்புரம் சாலையிலும் கடலூர் சாலையிலும் வண்டி நெரிசல் அதிகம், வில்லியனூர்–பாகூர் சாலை நிம்மதி. கள்ளைப் பாட்டிலில் பிடித்து எல்லை தாண்டி எடுத்துப் போக நினைக்காதீர்கள். அந்தக் கரையில் அது குற்றம், வீடு போய்ச் சேர்வதற்குள் புளித்து மூடியையும் தள்ளிவிடும். எங்கள் குழு அடுத்து மண்ணாடிப்பட்டுப் பக்கம், லிங்காரெட்டிப்பாளையம் வழியாகத் திருக்கனூர் போவதாகத் திட்டம் போட்டிருக்கிறது. டாட்டா ஏஸுக்கு இப்போதே முன்பணம் கொடுத்தாகிவிட்டது. கொடுத்தவர் அந்தச் சட்டம் பேசிய தம்பிதான்.